மண் வீடு கட்டப் போகிறீர்களா? முதலில் ஒரு மழையில் மனையைப் போய்ப் பாருங்கள்

மண் வீடு கட்ட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது கலவை. களிமண் எத்தனை பங்கு, மணல் எவ்வளவு, கடுக்காய் ஊற வைத்து ஊற்றலாமா, கருப்பட்டி சேர்க்கலாமா. எல்லாம் நல்ல கேள்விதான், ஆனால் ஆறு மாதம் கழித்துக் கேட்க வேண்டியவை. நான் முதன்முதலாகக் குழைத்து வைத்த சுவர் திருமயம் பக்கம் எங்கள் கொல்லையில் ஒரு சின்ன மாட்டுக் கொட்டகைக்கு வைத்தது. கலவையில் ஒரு குறையும் இல்லை, ஆணி அடித்தால் ஆணி வளையும், அப்படி இறுகியிருந்தது. அடுத்த கார்த்திகையில் அடியில் ஒரு முழம் உயரத்துக்கு ஊறிப் பொதபொதவென்று ஆகி, ஒரு நாள் விடிகாலையில் தெற்குப் பக்கம் முழுவதும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. மேட்டு நிலத்துத் தண்ணீர் கண்மாய்க்கு இறங்குகிற வழியில் சுவரை வைத்திருக்கிறேன். மாசியில் இடம் பார்த்து, பங்குனியில் கயிறு பிடித்து, வைகாசியில் வேலை முடித்தவனுக்கு அது எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

அதனால் இங்கே கலவை பற்றிக் குறைவாகத்தான் சொல்லப் போகிறேன். மண் வீட்டின் ஆயுள் மண்ணைக் குழைப்பதற்கு முன்பே, இடம் பார்க்கும்போதும் படம் போடும்போதும், முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது.

குழைமண்ணா, வைக்கோல் கட்டா

வெளிநாட்டு வீடியோக்களில் 'காப்' என்று காட்டுவது சுடாத பச்சைக்கல் அறுத்துக் கட்டுவதோ பலகை அடைத்து மண்ணை இடிப்பதோ இல்லை. மண்ணையும் வைக்கோலையும் தண்ணீர் விட்டு மிதித்து, உருண்டை உருண்டையாகக் கையால் வைத்துப் படை படையாக ஏற்றுவது. குழைமண் என்று நான் சொல்வது இதைத்தான். இங்கிலாந்தில் டெவன் பகுதியில் இப்படிக் கட்டிய, பல நூறு வயதான வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், அதுவும் நம்மைவிட ஈரம் கூடின ஊரில். நம் தாத்தா காலத்து மண்சுவர்களில் பலவும் இதே வேலைதான், பெயர் மட்டும்தான் இப்போது புதிதாக வந்திருக்கிறது. ஆகவே யாராவது இதை அமெரிக்காவிலிருந்து கற்றுவந்த வித்தை என்று சொல்லி வகுப்புக்குப் பெரிய கட்டணம் கேட்டால், ஊரில் எழுபது வயதுக்கு மேல் யார் சுவர் வைத்த ஆள் என்று ஒரு சுற்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வைக்கோல் கட்டு வீடு வேறு சங்கதி. அது பிறந்தது அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், மரமே இல்லாத மணல்மேட்டுப் பகுதியில், புல்லைக் கட்டாக அழுத்தும் எந்திரம் வந்த பிறகு, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். வீடு கட்ட மரம் இல்லை, கையில் இருந்தது புல்கட்டு, அதையே செங்கல் மாதிரி அடுக்கிப் பூசிவிட்டார்கள். அங்கே ஆர்தர் என்ற சின்ன ஊரில் 1928-ல் கட்டுகளை அடுக்கிக் கட்டிய தேவாலயம் இன்னும் நிற்கிறது. குளிர்காலத்தில் எலும்பு வரை உறைகிற ஊர், காற்றில் ஈரம் குறைவு, உள்ளே கணப்புச் சூடு வெளியே போகாமல் காக்க வேண்டும். அந்தத் தேவைக்கு வைக்கோல் கட்டைப் போல மலிவான பொருள் இல்லை.

நமக்கு அந்தத் தேவை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வைக்கோலில் ஈரம் நூற்றுக்கு இருபது பங்கைத் தாண்டி நாள்கணக்கில் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், பிறகு மக்கும். நாகப்பட்டினம், கடலூர், சென்னை என்று கடலோரத்தில் இருப்பவர்கள் ஐப்பசி மாதம் துவைத்துப் போட்ட சட்டை எத்தனை நாளில் காய்கிறது என்று நினைத்துப் பார்த்தாலே போதும். நெல் வைக்கோலில் சிலிக்கா கூடுதல், அதனால் மற்றப் பயிர்களின் வைக்கோலைவிட மெதுவாகத்தான் மக்கும் என்பது உண்மை. ஆனால் இப்போது நம் வயலில் எந்திரம் உருட்டிப் போடுவது பெரும்பாலும் உருளைக் கட்டு, சுவர் அடுக்கச் சதுரக் கட்டு வேண்டும். இதற்கெல்லாம் மேல், ஓட்டு வீடோ மொட்டை மாடியோ, நம் ஊரில் சூடு அதிகம் இறங்குவது தலைக்கு மேலிருந்துதான். வைக்கோல் மீது அவ்வளவு பிரியம் என்றால் கொஞ்சம் சுவர் மண்ணில் போகட்டும், மிச்சம் கூரைக்குப் போகட்டும்.

சரி, கட்டு வீடுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு: கடலோரத்தை விட்டு உள்ளே தள்ளிய, காய்ந்த காற்று உள்ள ஊராக இருக்க வேண்டும். கூரையின் பாரம் கட்டுகளின் மேல் இறங்காமல் தூண்களில் நிற்க வேண்டும். நாலு பக்கமும் தாழ்வாரம் வேண்டும். பூச்சு மண்ணோ சுண்ணாம்போதான், சிமெண்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வராது. இத்தனைக்கும் சம்மதம் என்றால் செய்யுங்கள். என் ஓட்டு குழைமண்ணுக்குத்தான், இனி சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது

தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வந்துவிடுகிறது. பெய்யாத நாளெல்லாம் பெய்யாமல், பெய்கிற அன்று கொட்டுகிற மழை. அந்த மூன்று மாதத்தில் ஒரு நாளாவது, முடிந்தால் அடைமழை பெய்து கொண்டிருக்கும்போதே, குடையோடு மனையில் நடந்து பாருங்கள். கையில் ஒரு கட்டு முளைக்குச்சி இருக்கட்டும். தண்ணீர் ஓடுகிற தடத்தில் குச்சி அடியுங்கள், தேங்குகிற இடத்தின் விளிம்பில் அடியுங்கள், மழை விட்டு இரண்டு நாள் கழித்து வந்து எங்கே இன்னும் கால் புதைகிறது என்று பார்த்து அங்கேயும் அடியுங்கள். வெயில் காலத்தில் சமமாகத் தெரிகிற நிலம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும். நிலம் வாங்கி ஒரு மழைக்காலம் சும்மா போட்டு வைத்தால் வட்டி நஷ்டம் என்று நினைப்பீர்கள். என் தெற்குச் சுவரைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும்.

மழைக்குக் காத்திருக்க முடியாதவர்கள் நிலத்தையே வாசிக்க வேண்டும். கோரையும் நீர்முள்ளியும் முளைத்திருக்கிற இடம், நண்டு வளை இருக்கிற இடம், தண்ணீர் நிற்கிற இடம். ஆவாரையும் கொழிஞ்சியும் செழித்து நிற்கிற இடத்தில் தண்ணீர் பெரும்பாலும் வடிந்துவிடும். மரத்தின் அடியிலும் பக்கத்து வேலிக் கல்லிலும் பழைய சேற்றுக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். ஊர்ப் பெயரே சில சமயம் சொல்லிவிடும்: தாங்கல், ஏந்தல், பள்ளம், குளம் என்று முடிகிற பெயர் உள்ள இடத்தில் மனை போட்டிருந்தால், பிளாட் விற்கிறவர் என்ன சொன்னாலும் அங்கே ஒரு காலத்தில் தண்ணீர் குடியிருந்திருக்கிறது, அது பழைய வீட்டை மறக்காது. கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தைப் பார்த்து, ஓடையோ வாய்க்காலோ உங்கள் புல எண்ணைத் தொட்டுப் போகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்று அது தூர்ந்து கிடக்கலாம். அதைத் தாண்டியும், சுற்றுவட்டாரத்தில் மாடு மேய்க்கிற, ஆடு மேய்க்கிற யாராவது ஒருவரிடம் பத்து நிமிடம் பேசுங்கள்.

பக்கத்துக் கிணற்றில் கார்த்திகை மாதம் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்றும் கேளுங்கள். தரையிலிருந்து நாலைந்து அடி ஆழத்துக்குள் ஏறி வந்துவிடுகிறது என்றால் அந்த இடத்தில் மண்சுவர் வேண்டாம், அல்லது பேஸ்மட்டத்தை நன்றாக ஏற்ற வேண்டும். சரிவான நிலமாக இருந்தால் மேட்டின் உச்சியும் வேண்டாம், அடிவாரமும் வேண்டாம், நடுச் சரிவில் கொஞ்சம் மேல் பக்கமாக உட்காருங்கள். சரிவை வெட்டி, வெட்டிய மண்முகத்தோடு சுவரை ஒட்ட வைக்கிற யோசனை படத்தில் அழகாக இருக்கும், மழைக்காலத்தில் அந்தச் சுவர் வியர்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தது ஆறடி விட்டு, நடுவில் ஒரு வடிகால் வெட்டுங்கள். வீட்டைச் சுற்றிப் பத்தடிக்கு அரை அடியாவது வெளிப்பக்கம் சாய்வு இருக்க வேண்டும்.

பேஸ்மட்டம் எவ்வளவு உயரம்? தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது, நான் இப்போது இரண்டடி வைக்கிறேன். கல்லில். எங்கள் பக்கம் செம்புராங்கல் கிடைக்கும், உங்கள் பக்கம் கருங்கல்லாக இருக்கலாம். மழை கூரையிலிருந்து விழுந்து தரையில் பட்டுத் தெறிப்பது அந்த உயரம் வரைக்கும்தான், அந்தத் தெறிப்பைக் கல் வாங்கிக்கொள்ள வேண்டும், மண் வாங்கக் கூடாது. ஊருக்குள், தெருவோரம் கட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். நம் ஊரில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போடுவார்கள், பத்துப் பதினைந்து வருடத்தில் ரோடு முக்கால் அடி ஏறி, வீடு பள்ளத்தில் இறங்கிவிடும். செங்கல் வீட்டுக்காரர் இதை ஒரு தொல்லையாக எடுத்துக்கொள்வார். மண் வீட்டுக்காரருக்கு அது வீட்டையே கேட்கிற விஷயம். உயரத்தை இன்றைய ரோட்டிலிருந்து அளக்காமல், வரப்போகிற ரோட்டிலிருந்து அளங்கள்.

கரிசல் காட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மழையில் உப்பும், வெயிலில் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மேலே நிற்கிற மண்சுவருக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. கரிசல் ஆழம் குறைவாக இருந்து கீழே சுக்கான்கல்லோ பாறையோ வந்தால், அதுவரை கடைக்கால் தோண்டி, கரிசலை எடுத்துவிட்டு மணலோ சரளையோ நிரப்பலாம். ஆழம் போய்க்கொண்டே இருந்தால் ஒரு பொறியாளரைப் பார்த்துவிடுங்கள், இந்த இடத்தில் மட்டும் நானே செய்கிறேன் என்று இறங்க வேண்டாம்.

வெயிலும் காற்றும்

வெளிநாட்டுப் புத்தகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு கட்டிய ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறேன். தெற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி, குளிர்கால வெயில் உள்ளே வந்து தரையைச் சூடாக்குவதற்காகவாம். நமக்கு எதற்கய்யா அது? அந்த ஊர்களில் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து போகிறது. நாம் இருப்பது 8 பாகைக்கும் பதின்மூன்றரைப் பாகைக்கும் நடுவில், சித்திரையில் ஒரு தடவையும் ஆவணி வாக்கில் ஒரு தடவையும் நடுமதியத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, நடுவில் உள்ள மாதங்களில் வடக்கே போய்விடுகிறது. நமக்கு எதிரி தெற்கு வெயில் இல்லை, மேற்கு வெயில்.

கணக்காகவே சொல்கிறேன். எங்கள் ஊரில் மார்கழி நடுமதியத்தில் சூரியன் தெற்கே 56 பாகை உயரத்தில் நிற்கும். கூரை மூன்றடி வெளியே நீட்டியிருந்தால் சுவரில் நாலரை அடி வரை நிழல் இறங்கும், ஜன்னல் முழுவதும் மறைந்துவிடும். அதே மூன்றடி நீட்டம் மேற்குப் பக்கத்தில் மாலை நாலரை மணிக்கு இரண்டடி கூட மறைக்காது, வெயில் நேராக முகத்தில் அடிக்கும். ஆகவே வீட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக ஓடட்டும், குட்டைச் சுவர்கள் மேற்கையும் கிழக்கையும் பார்க்கட்டும். மேற்கில் ஜன்னல் வைக்காதீர்கள், வைத்தே ஆக வேண்டும் என்றால் சின்னதாக, தாழ்வாரத்துக்குப் பின்னால்.

மண் வீட்டில் இது ஏன் இன்னும் முக்கியம் என்றால், ஒன்றரை அடி மண்சுவர் சூட்டை உடனே உள்ளே விடாது, பத்து மணி நேரம் வைத்திருந்துதான் விடும். அது வரம்தான். பகல் முழுவதும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். ஆனால் மாலை நாலு மணிக்கு மேற்குச் சுவர் வாங்கிய வெயில், நீங்கள் அசந்து தூங்குகிற இரண்டு மணிக்கு உள்ளே வந்து எட்டிப் பார்க்கும். மேற்குச் சுவரை ஒட்டிப் படுக்கையறை போட்ட நண்பர் ஒருவர் சித்திரை முழுவதும் திண்ணையில்தான் படுக்கிறார். மேற்கில் சாமான் அறை, தானியம் வைக்கிற இடம், படி, ஒரு தாழ்வாரம், அதற்கு அப்பால் இருபதடி தள்ளி ஒரு வேம்போ புங்கனோ. சுவரை ஒட்டி மரம் வைக்காதீர்கள், வேரும் ஆபத்து, நிழலில் சுவர் காயாமல் இருப்பதும் ஆபத்து. தென்னை எந்தப் பக்கம் என்றாலும் ஓட்டுக்கு மேல் சாயாத தூரத்தில்.

அந்தத் தேங்கிய சூடு ராத்திரியில் வெளியே போகக் காற்று வேண்டும். நம் பெரியவர்கள் காற்றுக்குத் திசை பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்: தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. படம் போடும்போது இந்த நாலையும் தாளின் நாலு ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வாஸ்து நிபுணர் வருவதற்கு முன்பே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். தெற்கு ஜன்னலுக்கு நேர் எதிரே வடக்கிலும் ஒன்று இருந்தால் தென்றல் நுழைந்து வெளியேறும். கோடை வருகிற மேற்கை ஏற்கெனவே அடைத்துவிட்டோம். கொண்டல் மழையைச் சுமந்துகொண்டு வரும், ஆகவே கிழக்கிலும் வடகிழக்கிலும் சாரல் சுவரில் அடிக்காதபடி திண்ணையும் தாழ்வாரமும். தென்காசி, பொள்ளாச்சி பக்கம் இருப்பவர்களுக்கு இது தலைகீழ், அங்கே ஆனி ஆடியில் மேற்குக் காற்றோடுதான் சாரல் வரும், அவர்களுக்கு மேற்குத் தாழ்வாரம் வெயிலுக்கும் மழைக்கும் சேர்த்து உதவும்.

சாய்ந்தடிக்கிற மழைக்குக் கூரை நீட்டம் மட்டும் போதாது. நாற்பத்தைந்து பாகையில் மழை அடித்தால் மூன்றடி நீட்டம் மேலே மூன்றடியைத்தான் காக்கும், கீழே அஞ்சடி நனையும். அதனால்தான் மழைப் பக்கம் தாழ்வாரம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் மாவட்டத்தில் ஓடும் தகரமும் எங்கெங்கோ பறந்தன. கூரை போன பிறகு இரண்டு நாள் மழையில் நின்ற மண்சுவர் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுவர் ஏற்றும்போதே, உச்சியிலிருந்து இரண்டரை அடி கீழே குறுக்குக் கட்டை புதைத்து, அதிலிருந்து கம்பியோ கயிறோ மேலே கொண்டுவந்து உத்திரத்தைக் கட்டுங்கள். இதைப் படத்திலேயே குறித்து வையுங்கள், சுவர் முடிந்த பிறகு நினைவு வந்தால் பிரயோசனம் இல்லை.

உள்ளளவு, வெளியளவு

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. வெளியில் 24 அடிக்கு 16 அடி என்று கயிறு பிடித்தால் 384 சதுர அடி. சுவர் ஒன்றரை அடி. உள்ளே கிடைப்பது 21-க்கு 13, அதாவது 273 சதுர அடிதான். நூற்றுப் பதினொரு சதுர அடி சுவருக்கே போய்விட்டது. முக்கால் அடிச் செங்கல் சுவர் பழகிய கண்ணுக்கு இது பெரிய அதிர்ச்சி. அதனால் உள்ளே இருந்து வரைந்துகொண்டு வாருங்கள்: கட்டில், பீரோ, அடுப்பு மேடை, நடக்கிற வழி, பிறகுதான் சுவர். தடித்த சுவரைச் சாபமாகப் பார்க்காமல் ஜன்னலை வெளிப்பக்கத்தை ஒட்டி வைத்தால் உள்ளே ஒரு ஆள் உட்காருகிற மேடை கிடைக்கும். மாடக்குழியும் அலமாரியும் மண்ணிலேயே குடைந்துவிடலாம்.

மண் வீடுகளுக்கென்று இந்தியத் தர நிர்ணயம் ஒன்று இருக்கிறது, ஐ.எஸ். 13827, 1993-ல் வந்தது, நிலநடுக்கத்தை மனத்தில் வைத்து எழுதியது. அதில் சொல்கிற சில அளவுகளைப் பயம் இல்லாத இடத்திலும் பின்பற்றலாம்: சுவரின் உயரம் தடிமனைப் போல எட்டு மடங்குக்குள், கதவு ஜன்னல் திறப்பு ஒவ்வொன்றும் நாலடிக்குள், மூலையிலிருந்து முதல் திறப்புக்கு நாலடியாவது இடைவெளி. மூலையிலேயே ஜன்னல் வைக்கிற நாகரிகம் மண்ணுக்கு ஆகாது.

கழிவறை, குளியலறையைத் தயவுசெய்து மண்சுவருக்குள் கொண்டுவராதீர்கள். தனியாகச் செங்கல்லில் கட்டி ஒரு மூடிய நடையால் இணையுங்கள், இல்லை ஒரு மூலையில் அந்த அறை மட்டும் கல்லாகவோ செங்கல்லாகவோ இருக்கட்டும். தண்ணீர்க் குழாய் மண்சுவருக்குள் போகவே கூடாது, ஒரு சின்னக் கசிவு வெளியே தெரிவதற்கு முன் உள்ளே வேலையை முடித்துவிடும். சமையலறைத் தொட்டி வெளிச்சுவரை ஒட்டி, கழிவு நீர் நேராக வாழைப் பாத்திக்குப் போகிற மாதிரி. கழிவறைக் குழி கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி, தாழ்வான பக்கத்தில். வீட்டில் பெரியவர்கள் அக்கினி மூலை, ஈசானி மூலை என்று ஆரம்பிப்பார்கள், எதிர்த்துப் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். தென்கிழக்கில் அடுப்பு வைப்பதால் மண் வீட்டுக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. கன்னி மூலையில் படுக்கையறை என்பதில் மட்டும் கொஞ்சம் பேரம் பேசிப் பாருங்கள், அங்கேதான் மேற்கு வெயில் இருக்கிறது.

ஊராட்சியில் அனுமதி வாங்கும்போது படத்தில் சுவர் என்ன பொருள் என்று எழுத வேண்டியிருக்கும், மறைக்காமல் எழுதுங்கள். வங்கிக் கடனை நம்புகிறவர்கள் இடம் வாங்குவதற்கு முன்பே, மண்சுவர் வீட்டுக்குத் தருவார்களா என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மண் எங்கே எடுப்பது, குழி எங்கே விழுவது

மேலே சொன்ன அதே 24-க்கு 16 அடி வீட்டுக்கு, எட்டடி உயரச் சுவரும் உள்ளே ஒரு தடுப்புச் சுவரும் சேர்த்து, கதவு ஜன்னல் கழித்து, ஏறக்குறைய 880 கன அடி மண் சுவரில் உட்காரும். எடை நாற்பது டன். தோண்டி உதிர்ந்த மண்ணாகப் பார்த்தால் 1200 கன அடி, அதாவது பன்னிரண்டு யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதுக்கு இருபது, மூன்றடி ஆழத்தில் ஒரு குழி விழும். அந்தக் குழியை எங்கே விழ வைப்பது என்பதும் திட்டத்தில் சேர்த்திதான். வீட்டுக்குக் கீழ்ச் சரிவில், ஐம்பது அடிக்கு அப்பால் என்றால் அது உங்களுக்கு ஒரு பண்ணைக் குட்டை. மேல் பக்கம் தோண்டினால் வீட்டுக்கு நீங்களே ஊற்று வெட்டிக் கொடுத்த மாதிரி. மேல்மண் ஒரு அடியை ஒதுக்கித் தோட்டத்துக்கு வைத்துவிட்டு அதற்குக் கீழே உள்ளதைத்தான் எடுக்க வேண்டும்.

கையில் இருக்கிற மண் ஆகுமா என்று பார்க்க ஊறுகாய் பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் அடியில் படிவது மணல், அடுத்து ஓரிரு மணி நேரத்தில் படிவது வண்டல், மறுநாள் மேலே மெல்லியதாகப் படிந்திருப்பது களி. களி ஐந்தில் ஒரு பங்கு வாக்கில் இருந்தால் அதிர்ஷ்டம். கூடினால் வெடிக்கும், மணல் சேர்க்க வேண்டும். எம்-சாண்ட் பரவாயில்லை, அதன் கூரான முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஆனால் பாட்டிலை மட்டும் நம்பாமல், இரண்டு மூன்று விகிதத்தில் ஒரு அடி நீளக் கட்டி செய்து நிழலில் காய வைத்து, எது வெடிக்கவில்லை, எது தேய்த்தால் உதிரவில்லை என்று பாருங்கள். உவர் மண் வேண்டவே வேண்டாம், பூச்சு உரிந்துகொண்டே இருக்கும். வெளியிலிருந்து லாரி மண் அடிப்பதாக இருந்தால், கனிமவளத் துறை அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மிதிக்கிற இடம் சுவருக்குப் பக்கத்தில், நிழலில், தண்ணீர் எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். நாற்பது டன்னையும் யாரோ ஒருவர் சட்டியில் சுமக்கப் போகிறார். இருபது அடி கூடுதலாக நடக்க வைத்தால் கூலியில் தெரியும். மண் சும்மா கிடைக்கும், மிதிக்க ஆள் சும்மா கிடைக்காது, செலவுக் கணக்கை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

மரம் பற்றி ஒரு வரி: கரையான் மண்ணில் பூசிய வைக்கோலைவிட உங்கள் நிலைக்கும் கைமரத்துக்கும்தான் வரும். வைரம் பாய்ந்த பனங்கை என்றால் கவலை இல்லை. பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்துவிட்டது, பழைய ஓட்டு வீடு இடிக்கிற இடங்களில் நல்ல பனங்கை கிடைக்கும், இப்போதிருந்தே சொல்லி வையுங்கள்.

மாதக் கணக்கு

ஐப்பசி, கார்த்திகையில் மனையில் நடந்து குச்சி அடித்தாயிற்று. மார்கழியில் படம். தை பிறந்ததும் கடைக்கால், மாசிக்குள் பேஸ்மட்டம். பங்குனியில் முதல் படை. ஒரு படை ஒன்றே கால், ஒன்றரை அடிக்கு மேல் வைக்காதீர்கள், வைத்தால் அடி பிதுங்கும். நாலைந்து நாள் விட்டு, கட்டை விரலால் அழுத்தினால் பள்ளம் விழாத பதத்தில் அடுத்த படை. எட்டடிக்கு ஆறு படை, இடையில் ஆள் வராத நாள், கோவில் திருவிழா, கோடை மழை எல்லாம் சேர்த்து ஒன்றரை மாதம் என்று போட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு தள்ளினாலும் வைகாசிக்குள் சுவர் முடிந்தால், ஆனியில் கூரை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஓடு ஏற்றுவதை அதற்குள் முடித்துவிட வேண்டும். பூச்சு அவசரம் இல்லை, கூரைக்குக் கீழே சுவர் நன்றாகக் காய்ந்து சுருங்கி முடிந்த பிறகு பூசலாம், அது புரட்டாசி ஆனாலும் சரி.

ஏதோ காரணத்தால் தள்ளிப்போய், ஐப்பசி வந்தும் ஓடு ஏறவில்லை என்றால், சுவரை முழுவதும் தார்ப்பாயால் சுற்றிக் கட்டாதீர்கள், உள்ளே புழுங்கி வைக்கோல் முளைக்கும், பூஞ்சையும் பிடிக்கும். உச்சிக்கு மட்டும் தார்ப்பாய், அது பறக்காமல் மேலே நாலு கல், பக்கங்களில் தென்னங்கீற்றுத் தட்டியைச் சுவரில் படாமல் ஒரு அடி தள்ளிச் சாய்த்து வையுங்கள். தட்டியிலிருந்து வடிகிற தண்ணீர் பேஸ்மட்டத்தின் மேல் விழாமல் அதற்கு வெளியே விழுகிறதா என்று முதல் மழையிலேயே போய்ப் பார்த்துவிடுங்கள்.